வர வேண்டிய பணமும் ஜெபமும்

2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை சரிந்தபோது கேரளத்தின் பீருமேடு மலையில் பல தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. நான் எழுத்தராக வேலை பார்த்த தோட்டமும் அவற்றுள் ஒன்று. நிர்வாகம் மலையிறங்கிப் போய்விட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களோ, வீட்டைக் காலி செய்தால் தங்களுக்கு வர வேண்டிய பாக்கிக்கு இருக்கும் ஒரே பிடியும் போய்விடும் என்று அஞ்சி, லயங்கள் என்னும் ஒழுகும் வரிசை வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள்.

“கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று சபையில் பலர் ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். ஆயினும், அதனால் நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்ற பொருளில் அது சொல்லப்பட்டபோது என்னால் ஏற்க முடியவில்லை. 17 வயதில் விற்கப்பட்டு, செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் கிடந்த யோசேப்பு, விடுதலையாகப் போகும் பானபாத்திரக்காரனிடம் தம் நிலையைப் பார்வோனுக்குச் சொல்லும்படி வாய்விட்டுக் கேட்டார். அவன் மறந்துபோனான், மேலும் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. தேவனை நம்பியவர் மனிதனிடம் நியாயம் கேட்டது அவிசுவாசம் என்று எந்தப் போதகரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டப்படி, ஐந்தாண்டுகள் தொடர்ந்து உழைத்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி என்று கணக்கிட்டு, உரிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டியிருந்தது. தாமதித்தால் வட்டியும் தர வேண்டியிருந்தது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழர்களுக்குத் தந்த உரிமையைக் கொண்டு, இந்தப் பணத்தைக் கேட்கும் மனுக்களைத் தமிழிலேயே எழுதினோம். சட்டத்தைவிட எங்களை அதிகம் அலைக்கழித்தவை பெயர்கள்தாம். தோட்டத்தின் வருகை, கூலிப் பதிவேடான செக்ரோலில் ‘பாக்கியம்’ என்றிருப்பவர் ரேஷன் அட்டையில் ‘பாக்கியமேரி’ என்றிருப்பார். இருவரும் ஒருவரே என்று நிரூபிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

அப்படிப்பட்ட அக்கா ஒருவர் பழைய பிஸ்கட் டப்பா நிறையச் சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்தார். வேலை நின்று நெடுநாளாகியும் கொழுந்துக்கறை அவருடைய விரல் வெடிப்புகளை விட்டுப் போகவில்லை. கையெழுத்திடுமுன் கண்ணை மூடி ஜெபித்தவர், எங்களை விட்டுப்போன தோட்ட மேலாளரான துரையின் பிள்ளைகள் நன்றாயிருக்க வேண்டும் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “வட்டியையும் சேர்த்து எழுதுங்க தம்பி” என்றார். விசுவாசம் என்று நான் படித்தும் கேட்டும் வந்ததெல்லாம் அந்த ஒரு பிற்பகலில் எனக்கு விளங்கியது. அநியாயம் செய்தவர்மேல் அவருக்குப் பகை இல்லை. அதற்காக, செய்தது நியாயமாகிவிட்டது என்றும் அவர் நினைக்கவில்லை. என் சொந்தப் பாக்கியை நினைத்து இரவில் உறங்காமல் கிடந்த எனக்கு, மறுநாளும் மனு எழுத உட்காரும் தெம்பு அவரிடமிருந்தே வந்தது.

சிலருக்குப் பணம் கிடைத்தது. சிலர் அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள். கம்பத்துக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட அவர்களுடைய பிள்ளைகள் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கித் தந்தால்தான் அந்த மனுக்களை மேலே கொண்டுபோக முடியும். அவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்கிறேன்.