நேரடிக் கச்சேரிப் பதிவுக்கு உயரமான மைக் ஸ்டாண்ட்

சேர்ந்திசைக் குழுவையோ ஆர்கெஸ்ட்ராவையோ ஒரு ஜோடி மைக்கில் பதிவு செய்ய, மைக் 3 முதல் 3.5 மீட்டர் உயரத்தில் இருப்பது நல்லது. தாழ்ந்தால் முன்வரிசைக் குரல்களே தூக்கலாகக் கேட்கும். சாதாரண பூம் ஸ்டாண்டை (மேலே பக்கவாட்டுக் கை உள்ள மைக் ஸ்டாண்டை) அவ்வளவு உயர்த்தினால் ஆடும். போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் லைட் ஸ்டாண்டே என் தேர்வு. 3.6 மீட்டர் வரை போகும், மடித்தால் கையில் தூக்கிப் போகலாம்.

வாங்கும்போது முதலில் கால் விரிவைப் பாருங்கள். 1 மீட்டருக்குக் குறைந்தால் வேண்டாம். ஏர் குஷன், அதாவது குழாயை மெதுவாக இறங்கவைக்கும் காற்று அமைப்பு, அவசியம். திருகு தளர்ந்தாலும் மைக் தடாலென்று இறங்காது. ஒரு காலைத் தனியாக நீட்ட முடிந்தால் படிக்கட்டுள்ள அரங்கில் பெரிய உதவி.

நுனியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். லைட் ஸ்டாண்டின் 16 மி.மீ. முனை வழவழப்பானது. அளவு 5/8 அங்குலம்தான் என்றாலும் மைக் கிளிப்பின் 5/8 மரை அதில் ஏறாது. 3/8 அங்குல ஆண் மரையில் (வெளிப்பக்க மரையில்) முடியும் அடாப்டரும், இரண்டு மைக்கையும் 17 செ.மீ. இடைவெளியில் தாங்கும் ஸ்டீரியோ பாரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தடித்த குழாயை முதலில் உயர்த்துங்கள், மெலிந்ததைக் கடைசியில். கேபிளைக் குழாயோடு கட்டி, அடியில் ஒரு சுற்று விட்டு, தரையில் டேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு காலிலும் 5 கிலோ மணல் மூட்டை வைக்காமல் பார்வையாளர்களை உள்ளே விடாதீர்கள். சாய்ந்தால் மைக் உடைவது மட்டுமல்ல, ஒருவர் தலைமேலும் விழும்.