அணுக்கட்டமைப்புக்கு முன்னர் கற்க வேண்டியவை: சடப்பொருளும் அளவீடும்

இலங்கையின் உயர்தர இரசாயனவியல் பாடத்திட்டம் அணுக்கட்டமைப்புடன் தொடங்குகிறது. சடப்பொருளை எவ்வாறு வகைப்படுத்துவது, திணிவையும் கனவளவையும் வெப்பநிலையையும் எவ்வாறு அளப்பது, அளந்ததை எந்த அலகில் எத்தனை இலக்கங்களுடன் எழுதுவது என்பனவெல்லாம் 10ஆம், 11ஆம் தரங்களின் விஞ்ஞானப் பாடத்தோடு முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படுகின்றன. அங்கே அவை ஒரு பரந்த பாடத்தின் சில பக்கங்களாக வந்து போய்விடுகின்றன. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உயர்தர வகுப்பில் சேரும் பிள்ளைக்கு, அந்தப் பக்கங்களை நின்று படிப்பதற்கு இரண்டு இடத்திலும் நேரம் கிடைப்பதில்லை.

நான் கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தரம் கற்றவன். இப்போது மாலை வேளைகளில் உறவினர் பிள்ளைகளுக்கும் அயலவர் பிள்ளைகளுக்கும் இப்பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன். அணுவில் இலத்திரன்கள் இருக்கக்கூடிய பிரதேசங்களான ஒழுக்குகளின் வடிவங்களைப் பிசகின்றி வரைகின்ற பிள்ளை, கன சென்ரிமீற்றரைக் கன மீற்றராக மாற்றும் இடத்தில் புள்ளிகளை இழப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பரீட்சைப் பெறுபேறு வரும்வரையான காத்திருப்பு மாதங்களை இந்த அடிப்படைக்கென்றே ஒதுக்குங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. அதை எவ்வாறு செய்யலாம் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

மூலகம், சேர்வை, ஏகவினக் கலவை, பல்லினக் கலவை ஆகியவற்றின் வரைவிலக்கணங்களை மனனம் செய்வதில் அதிக நேரம் போக்க வேண்டாம். வீட்டிலும் தெருவிலும் காணும் பொருள்களை எடுத்து, அவை எந்த வகுப்பில் அடங்கும், ஏன் அடங்கும் என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். காலிமுகத்திடலில் அள்ளிய கடல்நீர் மணலோடு இருக்கும்போது பல்லினக் கலவை. மணலை வடிகட்டி நீக்கினால் ஏகவினக் கலவை. சமையலறையில் நிற்கும் 12.5 கிலோகிராம் எரிவாயுச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூற்றேனும் சேர்ந்த கலவை. நிரப்புபவர் விரும்பினால் அந்த விகிதத்தை மாற்ற முடியும். நீரிலோ ஐதரசனும் ஒட்சிசனும் திணிவுப்படி ஏறத்தாழ 1:8 என்ற விகிதத்திலேயே எங்கும் இருக்கும், அதை யாராலும் மாற்ற முடியாது. சேர்வைக்கும் கலவைக்குமுள்ள வேறுபாடு இந்த ஓர் இணையிலேயே தெளிந்துவிடும். அதே சிலிண்டரை ஏன் லீற்றரில் விற்காமல் கிலோகிராமில் விற்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டால், வாயுவின் கனவளவு வெப்பநிலையோடும் அமுக்கத்தோடும் மாறும், திணிவு மாறாது என்ற விடையும் கிடைக்கும்.

நிலை மாற்றத்துக்குத் தேங்காய் எண்ணெயைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் இல்லை. அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உருகுவதால் கொழும்பில் அநேகமாக எப்போதும் திரவமாகவே இருக்கும். அதே போத்தலை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் வெண்ணிறத் திண்மமாக உறைந்துவிடும். திரும்பக் கொண்டுவந்தால் மீண்டும் உருகும். இது பௌதிக மாற்றம். அதை வாணலியில் புகையும்வரை சூடாக்கினால் நிகழ்வது இரசாயன மாற்றம்.

வகைப்படுத்தலை இத்துடன் விடலாம். அளவீட்டுக்குத்தான் கூடுதல் நேரம் தேவை. நான் பிள்ளைகளிடம் முதலில் கொடுக்கும் கணக்கு, கொழும்பில் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவிலிருந்து வருவது. அங்கே ஒரு பவுன் என்றால் 8 கிராம். 22 கரட் என்பது 24 பங்கில் 22 பங்கு தங்கம், எஞ்சியது பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். ஆகவே கையிலுள்ள வளையல் மூலகமன்று, ஏகவினக் கலவை. தூய தங்கத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 19.3 கிராம். 22 கரட்டின் அடர்த்தி, கலந்த உலோகங்களைப் பொறுத்துச் சற்று மாறினாலும், 17.8 அளவில் இருக்கும். 8.00 கிராம் கொண்ட ஒரு சிறு வார்ப்புத் துண்டு தூய தங்கமா, 22 கரட்டா என்பதை அடர்த்தியைக் கொண்டு கண்டறிய முடியுமா என்பதே கேள்வி.

உடனே எல்லோரும் அளவுச்சாடியைச் சொல்வார்கள். சாடியில் நீரை எடுத்து, துண்டை அமிழ்த்தி, மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று பார்ப்பது பாடப்புத்தகம் கற்பித்த முறை. ஆனால் 8 கிராமை 17.8ஆல் வகுத்தால் கனவளவு 0.45 கன சென்ரிமீற்றர்தான். சாடியின் கோடுகளோ 0.1 கன சென்ரிமீற்றர் இடைவெளியில் உள்ளன. வாசிப்பவர் 0.4 என்று எழுதினால் அடர்த்தி 20 ஆகிறது, 0.5 என்று எழுதினால் 16 ஆகிறது. தூய தங்கமும் 22 கரட்டும் இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலேயே அடங்கிவிடுவதால், இந்த முறையால் எதையும் தீர்மானிக்க முடியாது. கணக்கீட்டில் தவறே இல்லை. ஆயினும் விடைக்குப் பெறுமதி இல்லை.

இனி அதே துண்டை மெல்லிய நூலில் கட்டி, 0.01 கிராம்வரை காட்டும் தராசில், முதலில் வளியிலும் பின்னர் நீரில் முற்றாக அமிழ்ந்த நிலையிலும் நிறுப்பதாகக் கொள்வோம். துண்டு இடம்பெயர்க்கும் நீரின் திணிவளவுக்கே தராசின் அளவு குறையும், நீரின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1 கிராம் என்று கொண்டால் அந்தக் குறைவே துண்டின் கனவளவு. 22 கரட் என்றால் தராசு காட்டும் அளவு 0.45 கிராமால் குறையும். தூய தங்கம் என்றால் 0.41 கிராமால் குறையும். 0.04 கிராம் வித்தியாசத்தை அந்தத் தராசு தெளிவாகக் காட்டும். இறுதி இலக்கத்தில் ஒன்று கூடிக் குறைந்தாலும், 22 கரட் துண்டுக்கு 17.4க்கும் 18.2க்கும் இடைப்பட்ட அடர்த்தியே கிடைக்கும், 19.3 அந்த எல்லைக்குள் வரவே வராது. கொழும்பின் 30 பாகை வெப்பநிலையில் நீரின் அடர்த்தி 1.000 அன்று, 0.996 அளவே என்று கூர்மையான பிள்ளை ஒருவர் மறுக்கக் கூடும். அந்த மறுப்பு சரியானது. எனினும் அதன் விளைவு மூன்றாம் தசமத்தில்தான் வெளிப்படும் என்பதால் இந்தக் கணக்கில் அதைப் புறக்கணிக்கலாம். எதைப் புறக்கணிக்கலாம், எதைப் புறக்கணிக்கக் கூடாது என்று இவ்வாறு எண்களைக் கொண்டு முடிவெடுக்கப் பழகுவதையே நான் அளவீட்டுப் பயிற்சி என்று கருதுகிறேன். பொருளுள்ள இலக்கங்கள், அதாவது அளவீட்டில் நம்பத்தக்க இலக்கங்கள், பற்றிய விதிகளும் இந்தக் கணக்கைச் செய்த பிறகு தாமாகவே மனத்தில் தங்கிவிடும்.

ஆய்வுகூடத்தில் அளவி (burette), அதாவது அடியில் திருகுள்ள நீண்ட அளவுகோடிட்ட குழாய், வாசிப்பதற்கும் இதே கவனம் வேண்டும். அளவியின் பூச்சியம் மேலே இருப்பதால் எண்கள் கீழ்நோக்கிக் கூடுகின்றன. அளவுச்சாடிக்குப் பழகிய கண் இதைத் தலைகீழாக வாசித்துவிடும். திரவத்தின் வளைந்த மேற்பரப்பான பிறையுருவின் அடிப்பகுதியைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான், சாய்வாகப் பார்ப்பதால் வரும் இடமாறு தோற்ற வழு நீங்கும். 25 என்று எழுதினால் போதாது, 25.00 என்று எழுத வேண்டும். அந்த இரண்டு பூச்சியங்களும், 0.1 கோடுகளுக்கு இடையிலும் நீங்கள் பார்த்து மதிப்பிட்டீர்கள் என்பதைப் பரீட்சகருக்குத் தெரிவிக்கின்றன. அளவியின் நுனியில் வளிக்குமிழ் இருக்கிறதா என்று தொடங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோடியம் ஐதரொட்சைட்டை நிறுக்கும் சந்தர்ப்பம் கிடைத்தால் அதைத் தவறவிடாதீர்கள். ஒரு கன டெசிமீற்றரில் 0.1 மூல் செறிவுள்ள கரைசல் வேண்டுமானால் 4.0 கிராம் நிறுக்க வேண்டும். கொழும்பின் ஈரப்பதனில் அந்த வெண்ணிறச் சிறு உருண்டைகளைக் கடிகாரக் கண்ணாடியில் இட்டுத் தராசில் வைத்துவிட்டுப் பாருங்கள். யாரும் எதையும் சேர்க்காமலே இறுதி இலக்கம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். உருண்டைகளின் மேற்பரப்பு மினுங்கத் தொடங்கும். அவை வளியிலுள்ள நீராவியை உறிஞ்சுகின்றன. கூடவே காபனீரொட்சைட்டுடன் தாக்கம் புரிந்து சோடியம் காபனேற்றாகவும் மாறுகின்றன. இதனால்தான் எவ்வளவு நல்ல தராசில் நிறுத்தாலும் இக்கரைசலின் செறிவை அப்படியே ஏற்காமல், செறிவு தெரிந்த வேறொரு கரைசலுடன் தாக்கம் புரியச் செய்து அளக்கும் நியமிப்பு மூலம் மீண்டும் துணிகிறார்கள். நீரற்ற சோடியம் காபனேற்றை உலர்த்தி நம்பிக்கையோடு நிறுக்கலாம், சோடியம் ஐதரொட்சைட்டை அவ்வாறு நிறுக்க முடியாது என்ற வேறுபாட்டைக் குறிப்பில் வாசிப்பதைவிட அந்த ஏறும் இலக்கத்தைக் கண்ணால் காண்பது மேலானது.

அலகுகளைப் பற்றி நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு: ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் எழுதுங்கள், கடைசி வரியில் மட்டும் ஒட்டவைக்காதீர்கள். இலட்சிய வாயுச் சமன்பாட்டை (PV = nRT) எடுத்துக்கொள்வோம். 27 பாகை செல்சியசில், அதாவது 300 கெல்வினில், 100,000 பஸ்கால் அமுக்கத்தில் 2.494 கன டெசிமீற்றர் நைதரசன் இருக்கிறது. வினாத்தாளின் முகப்பில் தரப்படும் வாயு மாறிலி 8.314, அதனுடன் பயன்படுத்த வேண்டிய கனவளவு கன மீற்றரில் இருக்க வேண்டும். 0.002494 கன மீற்றர் என்று மாற்றினால் விடை 0.100 மூல். மாற்றாமல் 2.494 என்றே இட்டால் விடை 100 மூல். நைதரசனின் 100 மூல் என்பது 2.8 கிலோகிராம், இரண்டரை லீற்றர் பாத்திரத்தில் சாதாரண அமுக்கத்தில் அவ்வளவு வாயு அடங்க முடியாது என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாலே பிழை புலப்படும். அலகை எழுதியிருந்தாலோ, அது முன்கூட்டியே தடுக்கப்பட்டிருக்கும்.

வெப்பநிலை வித்தியாசத்துக்கு 273ஐக் கூட்டுவதும் அடிக்கடி நிகழும் பிழையே. 6 பாகை செல்சியஸ் உயர்வு என்பது 6 கெல்வின் உயர்வுதான்.

மூலின் வரைவிலக்கணத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2019 மே 20 முதல் ஒரு மூல் என்பது 6.02214076 ஐப் பத்தின் 23ஆம் வலுவால் பெருக்கிவரும் எண்ணிக்கையான துணிக்கைகள் எனத் திட்டமாக நிர்ணயிக்கப்பட்டுள்ளது. கைமாறி வரும் பழைய குறிப்புகளில், 12 கிராம் காபன்-12 இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்ற முந்தைய வரைவிலக்கணமே இருக்கக் கூடும். கணக்குகளின் விடைகள் இதனால் மாறுவதில்லை.

பரீட்சையில் கணிப்பானைப் பயன்படுத்த இடமில்லை. முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம், அதாவது ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம். ஆகவே இப்போதிருந்தே கைபேசியின் கணிப்பானை மூடிவைத்துவிட்டு, பத்தின் வலுக்களைப் பிரித்தெழுதி, பின்னங்களைச் சுருக்கிச் செய்து பழகுங்கள். பல்தேர்வில் தெரிவுகள் பத்து மடங்கு, ஆயிரம் மடங்கு வித்தியாசத்தில் தரப்படும் சந்தர்ப்பங்களில், வலுவைச் சரியாகக் கண்டவருக்குப் பெருக்கலை முடிக்க வேண்டிய தேவைகூட இருக்காது.

ஆய்வுகூட வசதி இல்லாத தனியார் பரீட்சார்த்திகளும் வீட்டிலேயே ஓரளவு பயிற்சி பெறலாம். ஒரு கிராம்வரை காட்டும் சமையலறைத் தராசும் ஒரு சிறு கண்ணாடிப் போத்தலும் போதும். வெற்றுப் போத்தலை நிறுத்துக்கொள்ளுங்கள். விளிம்புவரை நீர் நிரப்பி நிறுங்கள். நீரை ஊற்றி, நன்றாக உலர்த்தி, அதே விளிம்புவரை தேங்காய் எண்ணெய் நிரப்பி மீண்டும் நிறுங்கள். போத்தலின் கனவளவு தெரியாமலே, எண்ணெயின் திணிவை நீரின் திணிவால் வகுத்தால் எண்ணெயின் அடர்த்தி கிடைத்துவிடும், விடை 0.92 அளவில் வர வேண்டும். 250 கிராம் நீர் கொள்ளும் போத்தலில் தராசின் ஒரு கிராம் வழு அரைச் சதவீதத்துக்கும் குறைவு. ஐந்து கிராம் எண்ணெயை மட்டும் எடுத்துச் செய்தால் அதே ஒரு கிராம் இருபது சதவீதமாகிவிடும். இரண்டையும் செய்து, இரண்டு விடைகளையும் எத்தனை இலக்கங்களுடன் எழுதலாம் என்பதைக் குறிப்பேட்டில் அருகருகே எழுதி வையுங்கள்.