பின்னிணைப்புக்குப் போன ஒரு வரி

அந்த வரியை முதன்மை அட்டவணையிலேயே விட்டிருக்கலாமோ என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை. 2023 கடைசியில் பெங்களூருவின் குடிநீர்த் தேவை பற்றி எங்கள் அலுவலகம் தயாரித்த அறிக்கை அது. தமிழ்நாட்டு எல்லைக்கு மேலே காவிரியில் கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகதாது அணைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் அந்த வருடம் பெங்களூருவில் தண்ணீரைப் பற்றி யார் எதை எழுதினாலும் பேச்சு மேகதாதுவில்தான் போய் நின்றது. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று செப்டம்பரில் நகரத்துக்கு ஒரு பந்த், மாநிலத்துக்கு ஒரு பந்த் நடந்து முடிந்திருந்தன.

வரி இதுதான். அப்போது காவிரியிலிருந்து நகருக்கு நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் வந்துகொண்டிருந்தது. அதில் கால் பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். கால் பங்கு என்றே வைத்தாலும் 36 கோடி லிட்டர். காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று பெங்களூருவுக்கென்று கூடுதலாகக் கொடுத்தது வருடத்துக்கு 4.75 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). அதை 365 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 37 கோடி லிட்டர். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் போட்டு, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்று கீழே எழுதியிருந்தேன்.

எங்கள் குழுத் தலைவர் மண்டியா பக்கத்துக்காரர். கரும்பும் நெல்லும் போடும் குடும்பம். என்னிடம் பெங்களூருத் தமிழிலேயே பேசுவார். அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இது சரியா வராதுப்பா. 4.75 செலவாகிற தண்ணி. உன்னோட 36 எடுக்கிற தண்ணி. ரெண்டையும் எப்படிப் பக்கத்துல வைப்பே?" என்றார். கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அட்டவணைக்குக் கீழே தயாரிச்சவர் பேரும் வரும். பார்த்துக்கோ. நீயே முடிவு பண்ணு" என்றார்.

நான் அந்த ஒப்பீட்டைப் பின்னிணைப்புக்கு மாற்றினேன். கணக்கில் வராத நீரின் அளவு முதன்மைப் பகுதியிலேயே இருந்தது, 4.75-உடன் சேர்த்துச் சொன்ன வரி மட்டும்தான் நகர்ந்தது. யாரும் எதையும் மறைக்கச் சொல்லவில்லை, நானும் மறைக்கவில்லை. முடிவை என் கையில் விட்டதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அவரே அந்த வரியை நீக்கியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அவர் சொன்ன முதல் காரணம் வலுவானது. காவிரி நடுவர் மன்றம் குடிநீரைக் கணக்கிட்ட முறையில், நகரம் எடுக்கும் தண்ணீரில் 20 சதவீதம்தான் செலவு. மீதி 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பிவிடும் என்று எடுத்துக்கொள்வார்கள். உச்ச நீதிமன்றமும் அதே முறையில்தான் போனது. அப்படியானால் 4.75 டிஎம்சி செலவு என்பதற்குப் பின்னால் அதைப்போல ஐந்து மடங்கு எடுப்பு இருக்கிறது. அதன் பக்கத்தில் 36 கோடி லிட்டர் கசிவை வைப்பது, மொத்த வருமானத்தையும் நிகர லாபத்தையும் ஒரே பத்தியில் கூட்டுவது மாதிரி. போதாததற்கு, கணக்கில் வராத நீர் எல்லாமே ஓட்டைக் குழாயில் ஒழுகுவதும் இல்லை. தெருக்குழாயில் இலவசமாகப் பிடிப்பது, மீட்டர் தவறாகக் காட்டுவது, திருட்டு இணைப்பு எல்லாம் அதற்குள் வரும். ஒழுகுவதிலும் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி யாரோ ஒருவருடைய போர்வெல்லில் ஏறுகிறது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் பின்னிணைப்புதான் சரியான இடம். பல நாள் அப்படியே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆனால் அந்த 80 சதவீதம் எங்கே திரும்புகிறது என்று பார்க்க ஆரம்பித்தால் சமாதானம் குலைந்துவிடுகிறது. நகரத்தின் கிழக்குப் பக்கக் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மலைபோல நுரை பொங்குவதைத் தமிழ்நாட்டுக்காரர்கள் செய்தியில் பார்த்திருப்பார்கள். அது காவிரிக்குத் திரும்பாத காவிரித் தண்ணீர். அந்தப் பக்கத்தில் சுத்திகரிப்பதில் ஒரு பகுதியைக் கோலார் ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள்; காய்ந்து கிடந்த மாவட்டத்துக்கு அது நல்ல காரியம்தான், ஆனால் அதுவும் காவிரிக்குத் திரும்புவதில்லை. மேற்குப் பக்கக் கழிவுநீர் விருஷபாவதியில் விழுந்து, பைரமங்கலா ஏரி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து, கனகபுராவைத் தாண்டிச் சங்கமத்தில் காவிரியைத் தொடுகிறது. திரும்புவது என்று கணக்கில் எழுதும் தண்ணீர் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். மேகதாது அணையின் நீர்த்தேக்கம் வரப்போவதும் அங்கேதான். நகரம் குடிப்பதற்கென்று கட்டும் அணையில் அந்த நகரத்தின் சாக்கடையும் தேங்கும். எங்கள் மாதிரி அலுவலகங்களில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இதைப் பற்றி அறிக்கையில் ஒரு பத்தி எழுத எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டது தேவைக் கணக்கு மட்டும்தானே என்று சொல்லிக்கொள்ளலாம்.

அணையைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. 4.75 டிஎம்சி குடிநீருக்கு 67.16 டிஎம்சி கொள்ளளவு எதற்கு என்பது நியாயமான கேள்வி. 400 மெகாவாட் மின்சாரத்துக்காகவும், மழை குறைந்த வருடத்தில் இரண்டு மாநிலத்துக்கும் உதவும்படி தேக்கி வைக்கவும் என்று கர்நாடகம் பதில் சொல்கிறது. அந்தப் பதிலை ஒரேயடியாகத் தள்ளவும் நான் தயாரில்லை. மழை கொட்டும் வருடத்தில் மேட்டூர் நிரம்பி, உபரி கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் கிருஷ்ணராஜசாகருக்கும் கபினிக்கும் கீழே பெய்கிற மழை இன்றைக்கு யாருடைய மதகையும் கேட்காமல், தமிழ்நாட்டுக்கு வரும் தண்ணீரை எல்லையில் அளக்கும் பிலிகுண்டுலுவுக்கு வந்துவிடுகிறது. அணை வந்தால் அதற்கும் ஒரு மதகு வந்துவிடும். மூழ்கப்போவது ஏறத்தாழ 5,000 ஹெக்டேர், பெரும்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயமும் காப்புக்காடும். யானைகள் ஆற்றுக்கு இறங்குகிற இடம், சாம்பல் நிற மலை அணில் இருக்கிற கரையோர மரங்கள் எல்லாம் அதில் போகும். சுமார் 9,000 கோடி ரூபாய் என்று மதிப்பிட்ட திட்டத்தில் காட்டுக்கு விலை போட்ட முறையைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டு மேசையில் பேசியிருக்கிறோம். எழுத்தில் யாரும் பேசியதில்லை.

இந்தக் கருத்து எனக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான், தயாரித்தவர் பெயரைப் பற்றி குழுத் தலைவர் சொன்னது கிளப்பிவிட்ட சந்தேகம். மன்னார்குடிப் பக்கம் மாமாவுக்கு நிலம் இருக்கிறது. 2023 ஜூன் 12 அன்று திறந்த மேட்டூரை அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். குறுவை கருகிக்கொண்டிருந்தபோது மாமா போனில், "மாப்ள, உங்க ஊர்ல கார் கழுவுறது எந்தத் தண்ணி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த ஒப்பீட்டு வரியை எழுதும்போது அந்தக் கேள்வி என் மனதில் இல்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அதே சமயம், 145-ஐ நான்கால் வகுக்க எந்த மாநிலத்துக்காரனாகவும் இருக்க வேண்டியதில்லை. மண்டியாக்காரர் ஒருவர் அதே வரியை எழுதியிருந்தால் அது பொறியாளரின் அவதானிப்பாகப் போயிருக்கும். நான் எழுதினால் தமிழன் எழுதினது. 2016 செப்டம்பரில் இந்த நகரத்தில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்ததைப் பார்த்தவன் நான். அவரும் பார்த்தவர். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்று பாதி நாள் நம்புகிறேன். அறிக்கையைக் காப்பாற்றத்தான் என்று மீதி நாள் தோன்றுகிறது.

2024 மார்ச்சில் போர்வெல்கள் ஆயிரக்கணக்கில் வற்றி, டேங்கர் விலை எகிறியபோது, எங்கள் குடியிருப்பிலும் அணை கட்டியிருந்தால் இந்தக் கதி வருமா என்று பேசினார்கள். வற்றினதில் பெரும்பாலானவை காவிரிக் குழாயே போகாத புறநகரத்துப் போர்வெல்கள். அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வந்தது. மாநகராட்சியோடு சேர்த்த 110 புறநகர்க் கிராமங்களுக்காக நாளொன்றுக்கு இன்னும் 77.5 கோடி லிட்டர், சுமார் 100 கிலோமீட்டர் தூரம், அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். அந்தக் கிராமங்களுக்கு அது உயிர்த்தண்ணீர், எனக்கு அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் இழப்பு அதே கால் பங்காக இருந்தால், இனி நாளொன்றுக்கு 55 கோடி லிட்டருக்கு மேல் அவ்வளவு மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றிவிட்டுத் தொலைக்கிறோம். அந்த ஒப்பீடு நுட்பமாகத் தப்பு என்று ஒப்புக்கொண்டாலும், அது சொல்ல வந்த விஷயம் தப்பில்லை என்று இதனால்தான் நினைக்கிறேன். ஆயிரக்கணக்கான கோடி கேட்பதற்கு முன்னால் இந்த எண்ணை மேசை மேல் வைத்துப் பேச வேண்டும்.

அறிக்கையைப் புதுப்பிக்க வேண்டும் என்று இப்போது பேச்சு வந்திருக்கிறது. எடுப்பது, வீடு போய்ச் சேருவது, செலவாவது, திரும்புவது, எந்த ஆற்றுக்குத் திரும்புவது என்று ஐந்து நெடுவரிசைகளாக முதன்மை அட்டவணையிலேயே போடலாம் என்று அவரிடம் சொன்னேன். முறைப்படி அது சரிதான் என்றார். பெயரைப் பற்றி இந்தத் தடவை அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.