ஒன்பதா, ஐம்பதா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, செல்போனும் செத்துவிட்டது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒருவர் மட்டும் கார் பேட்டரியில் ரேடியோ வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். ஹாம் ஆசை, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஆசை, அங்கே ஒட்டிக்கொண்டது.

உரிமத்துக்கான பரீட்சை பெரிய மலை இல்லை. ஓம் விதி, ஆன்டெனா நீளம், விதிமுறைகள். 12 வயதுப் பிள்ளைகூட எழுதலாம். நான் எழுதியது ரெஸ்ட்ரிக்டட் கிரேடு. ஜெனரல் கிரேடு என்றால் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் என்ற புள்ளி-கோடு குறியீடு தெரிய வேண்டும். உரிமம் கைக்கு வரும்வரை காத்திருந்ததுதான் பெரும்பாடு. வியூ3 என்று தொடங்கும் கால்சைன், அதாவது ரேடியோவில் என் அடையாளப் பெயர், வந்த அன்று வீட்டில் கேசரி.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மறுநாள் காலை மூத்த ஹாம் ஒருவர் என்னை வடசென்னையில் ஒரு பள்ளி முகாமுக்கு அனுப்பினார். 5 வாட் கைக்கருவி, கூடுதல் பேட்டரி, நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், நனைந்தால் மை ஊறிவிடும் என்றார். எங்கள் 144–146 மெகாஹெர்ட்ஸ் அலை கட்டடங்களுக்கு நடுவே திணறும். அதனால் ஒவ்வொரு செய்திக்கும் தண்ணீர்த் தொட்டிப் படி ஏறினேன்.

முதல் செய்தியிலேயே சொதப்பல். பால் பவுடர் வேண்டிய குழந்தைகள் ஒன்பது பேர். பேசும் பட்டனை அழுத்தியதும் அவசரமாக ஆரம்பித்தேன், பாதி விழுங்கப்பட்டது. மீதியும் இரைச்சலில் போனது. யார் எப்போது பேசலாம் என்று ஒழுங்குபடுத்தும் ஹாம், அதாவது நெட் கன்ட்ரோல், திரும்ப வாசித்தார்: "ஐம்பது குழந்தைகள்."

பதறிப்போய்த் திருத்தினேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, பட்டனை அழுத்திட்டு ஒரு நொடி பொறுங்க. அப்புறம் பேசுங்க. ஐம்பதுன்னா அஞ்சு, சைபர்னு தனித்தனியா சொல்லணும். ஒன்பதுன்னா நம்பர் ஒன்பது, ரெண்டு தடவை."

அதன்பின் மருந்துப் பெயரையெல்லாம் A-க்கு ஆல்ஃபா, B-க்கு பிராவோ என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். ஆனால் பேசியதைவிட வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் அதிகம். வேறொரு முகாமில் ஒரு தாத்தாவுக்கு இன்சுலின் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் தார்ப்பாய்க் கோரிக்கை முக்கால் மணி நேரம் நோட்டிலேயே கிடந்தது. நெட் கன்ட்ரோல் கூப்பிடாமல் நுழையக் கூடாது. அந்த முக்கால் மணி நேரமும் முகாம் பொறுப்பாளர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் செல்போன் டவர் உயிர்பெற்றது. "ஸ்டேஷனை மூடலாம், செவன்ட்டி த்ரீ" என்றார் நெட் கன்ட்ரோல். வாழ்த்துகள் என்று அர்த்தம். அந்த 73-ஐ மட்டும் யாரும் தனித்தனியாகச் சொல்வதில்லை.