குல்லா இருந்தால் உள்ளே வரலாம்

எங்கள் வீட்டுக்கு வருவதாக யார் போன் செய்தாலும், எத்தனை பேர், சாப்பிட்டுவிட்டு வருவீர்களா என்பதெல்லாம் அப்புறம், முதலில் குல்லா எடுத்துக்கொண்டீர்களா என்றுதான் கேட்போம். கோத்தகிரி குளிரை நினைத்து அக்கறையாகக் கேட்கிறோம் என்று அவர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள். நாங்கள் கேட்பது கருப்பனுக்காக.

கருப்பன் ராஜபாளையம் நாய். உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ் கலர். காவலுக்கு வந்தவனுக்குக் காவல் தெய்வத்தின் பெயர்தான் என்று மாமா பிடிவாதமாக வைத்துவிட்டார். பெயரைக் கேட்கிறவர்கள் ஒரு தடவை நாயையும் ஒரு தடவை எங்களையும் பார்ப்பார்கள், பழகிவிட்டது. 2005இல் அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது என்பதை மாமா வருகிற போகிற எல்லோரிடமும் சொல்வார். அப்படித் தபால்தலை வாங்கிய வம்சத்தில் பிறந்ததற்குத் தபால்காரரைக் கண்டால்தான் ஆகவே ஆகாது.

குட்டியாக வீட்டுக்கு வந்தது ஐப்பசியில். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மறைத்துக்கொள்வதால் எங்கள் பக்கம் அவ்வளவாக எட்டாது, எங்களுக்கு மழை என்றால் அக்டோபர் நவம்பர்தான், அது வந்தால் மழையும் பனிமூட்டமுமாக எதிர்வீடே தெரியாது. நாய்க்குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து சுமார் மூன்றரை மாதம் வரை எதைப் பார்த்து எதைக் கேட்டுப் பழகுகிறதோ அதுதான் உலகம், மற்றதெல்லாம் சந்தேகத்துக்குரியது. தடுப்பூசி முடியாத குட்டியை ரோட்டுக்கும் கூட்டிப்போக முடியாது. ஆக, அந்த முக்கியமான காலத்தில் கருப்பன் பார்த்த மனித குலம் மொத்தமும் ஸ்வெட்டர் போட்டு மங்கி குல்லா மாட்டியிருந்தது. பால்கார அண்ணன், மாமா, நான், என் வீட்டுக்காரர், எல்லோரும். மாமா தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டார்.

பெரிய ஜாதி நாய்களில் உடம்பு முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் மெதுவாக வரும். ஏழு எட்டு மாதத்தில் சாப்பாட்டு மேஜையில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிற உயரம் வந்துவிட்டது, ஆனால் முழுப் பக்குவம் வர இரண்டு வயதாவது ஆகவேண்டும். இடையில் இருக்கிற காலம்தான் வேடிக்கை. காலைத் தூக்கப் பழகினான். ஸ்கூட்டர், கேஸ் சிலிண்டர், கேட், கேட்டுக்கு வெளியே உள்ள மைல்கல் என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் பட்டா போட்டான். எங்கள் பத்திரப்படி எல்லை முன்வேலியோடு முடிகிறது, அவன் பத்திரப்படி கீழ்வீட்டுக்காரர் தேயிலையும் வளைவு வரைக்கும் ரோடும் சேர்த்தி. ஒருநாள் கீழ்வீட்டில் இலை பறித்து மூட்டை கட்டி ரோட்டோரம் வைத்திருக்கிறார்கள். இவன் போய் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். இலை வண்டி வந்து நிற்கிறது, தூக்க வந்த பையன் வண்டியை விட்டு இறங்கவில்லை, ஹார்ன் அடிக்கிறார்கள், இவன் காதைக்கூட அசைக்கவில்லை. கடைசியில் அத்தை ஒரு வர்க்கியைக் காட்டி இறக்கிக் கூட்டிவந்தார். அந்த மூட்டை எடை போடும்போது வாசனை எப்படி இருந்ததோ, நாங்கள் விசாரிக்கவில்லை.

அப்புறம்தான் ஏப்ரல் வந்தது, வெயில் வந்தது, ஊர் குல்லாவைக் கழற்றியது.

முதலில் மாட்டிக்கொண்டது பால்கார அண்ணன். குட்டியிலிருந்து தினமும் கொஞ்சிவிட்டுப் போகிறவர். வெறுந்தலையோடு வந்ததும் கருப்பன் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு குரைத்த குரைப்பில் தூக்குப்போசி கீழே விழுந்துவிட்டது. "ஏம்மா, நேத்து என் கையத்தானே நக்குச்சு?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதே வாரம் மாமா முடிவெட்டிக்கொண்டு, ஷேவிங்கும் செய்துகொண்டு, குல்லாவைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். தன் வீட்டுக் கேட்டில் தன் நாய் தன்னை உறுமுகிறது. "டேய், நான்தான்டா" என்கிறார். அவன் நம்பவில்லை. அத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "யாருங்க வேணும்?" என்று கேட்டாரே பார்க்கலாம். மாமா குல்லாவை எடுத்து மாட்டினார். வால் சுழன்றது. நாற்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அத்தை அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார், அவர் எப்படி நாற்பது வருஷமும் பார்த்திருப்பார் என்பது வேறு விஷயம்.

கால்நடை மருந்தகத்தில் டாக்டர் சிரிக்கவில்லை. இந்த வயதில் பயம் ஒருமுறை திரும்ப வரும், பயந்துதான் இப்படி மிரட்டுகிறது, வீரம் என்று நினைத்துத் தட்டிக்கொடுக்காதீர்கள் என்றார். "தூரத்துல இருந்து பாக்கறப்ப உருவத்தத்தான் பாக்கும்மா. காத்து எதிர்ப்பக்கம் அடிச்சா வாசனையும் கிடைக்காது." தபால்காரர் விஷயத்தையும் அவர்தான் விளக்கினார். இது குரைக்கிறது, அவர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார், அவர் வேலை முடிந்தது என்று நமக்குத் தெரியும், அதுவோ தான் விரட்டியடித்ததாக நினைத்துக்கொள்கிறது. தினமும் ஒரு வெற்றி என்றால் யார்தான் விடுவார்கள்? அது குரைக்கும்போது நாமும் சேர்ந்து கத்தினால் நாமும் துணைக்குக் குரைக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளுமாம், அடித்தால் பயம் கூடும், நாளெல்லாம் சங்கிலியில் போட்டால் இன்னும் முரடாகும். ஆள் வரும்போது கயிற்றில் பிடித்து, தள்ளி உட்காரவைத்து, சும்மா இருந்தால் உடனே தீனி. வருகிறவர் அதன் கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. வெறுந்தலைக்காரர்களைக் கண்டால் தீனி கிடைக்கும் என்று அதற்குப் புரியவேண்டும், அவ்வளவுதான். சொல்லும்போது அவ்வளவுதான்.

பழக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். பால்கார அண்ணன் இப்போது பாஸ். கூரியர் பையன்கள் ஹெல்மெட்டோடு வருவதால் பிரச்சினையே இல்லை, மரியாதைக்குக் கழற்றினால்தான் ஆபத்து, "கழற்றாதீங்க, கழற்றாதீங்க" என்று உள்ளிருந்து கத்துகிறோம். மற்றவர்களுக்காகக் கேட்டில் ஒரு ஆணி அடித்து, பழைய குல்லா ஒன்றை மாட்டிவைத்திருக்கிறார் மாமா. வாரம் ஒருமுறை துவைப்பது என் பொறுப்பு.

மே மாதம் நேரு பூங்கா காய்கறிக் கண்காட்சியைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தது. இ-பாஸ் எடுத்து, குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பி, மலையேறி வந்தவர்களுக்கு எங்கள் வாசலில் இன்னொரு சாவடி. சித்தப்பா முறைத்துக்கொண்டே ஆணியில் இருந்ததை எடுத்து மாட்டினார், கருப்பன் அவரை முகர்ந்துவிட்டு வழிவிட்டான். மற்றவர்கள் துப்பட்டாவையும் கைக்குட்டையையும் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்கள். டீ கொடுத்ததும் சித்தப்பா யோசித்தார், அவர் யோசிக்கிற ஆள்.

"ஏம்மா, திருட வர்றவன்தானே மங்கி குல்லா போட்டுட்டு வருவான்?"

மாமா தபால்தலைக் கதையை ஆரம்பிக்கப் போனவர் நிறுத்திவிட்டார். அத்தைதான் பதில் சொன்னார். "திருடன் ராத்திரிதானே வருவான்? ராத்திரி சிறுத்தை நாயைத் தூக்கிட்டுப் போயிடும்னு பொழுது சாய்ஞ்சதும் இவன உள்ள விட்டுப் பூட்டிடறோம். கட்டிலுக்கடியில கம்பளி போத்திட்டுத் தூங்குவான். சத்தம் கேட்டா இவரும் என் மகனும் டார்ச் அடிச்சுப் பாப்பாங்க."

அப்படியானால் இந்த நாய் எதற்கு என்று கேட்கத்தான் சித்தப்பா வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் வேர்க்கிறதே என்று கூடவே குல்லாவையும் கழற்றிவிட்டார்.