தீவனக் கம்பு: விதையைக் கூட்டுவதா, யூரியாவைக் கூட்டுவதா?

சம்பா அறுப்புக்கு அப்புறம் பக்கத்து வயல்களில் எல்லாம் உளுந்து. வீட்டில் கறவை மாடு இருப்பதால் நான் மோட்டார் பக்கத்துத் துண்டை மட்டும் தீவனக் கம்புக்கு விட்டேன். ஒரத்தநாடு பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனம், தண்ணீர் வடியும் செம்மண். மன்னார்குடி, திருவாரூர்க் களிமண்ணில் இந்தக் கணக்கு அப்படியே ஓடாது. வேரில் தண்ணீர் நின்றால் கம்புக்கு ஆகாது.

ஒரு பக்கம் வேளாண் பல்கலைக்கழகத்தின் தீவனக் கம்பு ரகமான கோ 8, இன்னொரு பக்கம் மாமா வீட்டு நாட்டுக் கம்பு. எக்டேருக்கு 10 கிலோ விதை, அதாவது சென்ட்டுக்கு 40 கிராம். பாதிப் பாத்திகளில் இந்த அளவு, மீதியில் இரட்டிப்பு. தழைச்சத்து எக்டேருக்கு 30, 60, 90 கிலோ என்று மூன்று படி. யூரியாவில் 46 சதம்தான் தழைச்சத்து, ஆகவே 60 கிலோவுக்குச் சென்ட்டுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் யூரியா வரும். பாதியை அடியுரமாகவும் மீதியைக் களையெடுத்த பின் மேலுரமாகவும் போட்டேன். "மாட்டுக்குப் போடுற புல்லுக்கு மருந்துக் கடை மாதிரி நிறுக்கிறீங்களேண்ணே" என்று களையெடுக்க வந்த தம்பி சிரித்தான்.

கோ 8-இல் விதையை இரட்டித்தும் எடை பெரிதாக ஏறவில்லை, இடம் கிடைத்த செடி தூர் கட்டி (அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட்டு) இடைவெளியை அதுவே அடைத்துவிடுகிறது. தூர் குறைவான நாட்டுக் கம்புக்குத்தான் கூடுதல் விதை உதவியது. ஆனால் எடையை மட்டும் பார்த்தால் போதாது: நெருக்கி விதைத்ததில் தட்டை மெலிசு, மாடு மிச்சம் வைக்காது, இடைவெளி விட்டு விதைத்ததில் அடித்தட்டை கட்டைவிரல் மொத்தம், அதை முகர்ந்து பார்த்து ஒதுக்குகிறது. தட்டையை நறுக்கும் மெஷின் இருப்பவர்கள் இதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

யூரியா வேலை செய்தது கண்ணுக்கே தெரிந்தது, 30-க்கும் 60-க்கும் நிறத்திலேயே வித்தியாசம். 60-லிருந்து 90-க்குப் போனதில் செலவுக்கேற்ற லாபம் இல்லை. நெருக்கமும் 90-உம் சேர்ந்த பாத்தி கோடை மழைக்காற்றில் சாய்ந்தே போனது.

இளஞ்சோளத்தில் இருக்கும் நஞ்சு கம்பில் கிடையாது, அதனால் பயமில்லை என்பார்கள். ஆனால் யூரியா அதிகமாகி வெயிலில் வாடிய கம்பில் மாட்டுக்கு நஞ்சாகும் நைட்ரேட் சேரும், அதுவும் அடித்தட்டையில்தான் அதிகம். 90 பாத்தியில் ஒரு சாண் விட்டு வெட்டி, வைக்கோலோடு கலந்துதான் போட்டேன்.

அடுத்த முறை கோ 8 மட்டும்தான், 60 கிலோ, தட்டை மெலிசாக வர விதையைக் கொஞ்சம் கூட்டி, நடுவில் தட்டைப்பயறு ஊடுபயிராக.