ஏழு நாள் சாப்பாடும் ஒரு கரடிப் பெட்டியும்

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி காட்டுக்குள் தங்கிப் போக பெர்மிட் வாங்கும்போது, கரடிப் பெட்டி, அதாவது கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டுப் பெட்டி, இருக்கிறதா என்று ரேஞ்சர் கட்டாயம் கேட்பார். அடுத்துச் சொல்வதுதான் நம்மவர்களைத் தூக்கிவாரிப் போடும். சாப்பாடு மட்டுமில்லை, மணம் வரும் எதுவுமே ராத்திரி அந்தப் பெட்டிக்குள் போக வேண்டும். பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், காலி மிட்டாய்த் தாள், தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெய்கூட. காக்காய்க்கு ஒரு பிடி வைத்துவிட்டுச் சாப்பிடும் பழக்கமும் அங்கே செல்லாது; விலங்கு, பறவை எதற்கும் உணவு போடுவது சட்டப்படி குற்றம்.

பழனிக்கு நடந்து பழகியவர்களுக்கு இது வேறு உலகம். அந்த வழிநெடுக அன்னதானமும் நீர்மோர்ப் பந்தலும் இருக்கும், தோளில் ஒரு துணிப்பை போதும். யோசெமிட்டியில் தொடங்கும் ஜான் மியூர் நடைபாதை சுமார் 340 கிலோமீட்டர், 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி மலையில் முடிகிறது. பாதியில் ஒரு பண்ணைக்கு முன்கூட்டியே பக்கெட்டில் உணவு அனுப்பி வைக்கலாம். மற்றதெல்லாம் முதுகில்தான்.

கூடாரம், படுக்கை, பை மூன்றிலும் எடை குறைக்கக் காசு இருந்தால் முடியும். சாப்பாட்டில் குறைப்பதற்குத்தான் யோசனை தேவை. பெரிய பெட்டி 11.5 லிட்டர் கொள்ளும், காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு நாளைக்கு 700 கிராம் என்று ஏழு நாளைக்கு அடைத்தால் சுமார் ஐந்து கிலோ. ஆகவே கிராமுக்கு எத்தனை கலோரி என்று பார்த்தே எடுக்க வேண்டும்: அரிசி மூன்றரை, வேர்க்கடலை ஐந்தரைக்கு மேல், நெய் ஒன்பதுக்குப் பக்கம். கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் இங்கே விற்கும் எந்த எனர்ஜி பாருக்கும் சளைத்ததில்லை.

வம்பு பருப்பில்தான். 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதில் துவரம்பருப்பு வேக வெகு நேரம் ஆகும், கேஸ்தான் தீரும். குக்கரைச் சுமக்க முடியாது. அதனால் சாம்பார் சாதத்தை வீட்டிலேயே செய்து உலர்த்திவிட வேண்டும். இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பருப்பு, வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதலாக விட்டு நன்றாக மசிக்கவும். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். அது உலராது, சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். கேரட், பீன்ஸைப் பொடியாக நறுக்குங்கள். பெரிய துண்டு வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும், பூசணம் அங்கேதான் பிடிக்கும். டீஹைட்ரேட்டர் எனும் உணவு உலர்த்தும் மெஷினின் தட்டில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, 57 டிகிரியில் எட்டு முதல் பத்து மணி நேரம், நடுவில் ஒருமுறை உதிர்த்துவிட்டு. ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் ஒரு நாள் மூடி வையுங்கள். உள்பக்கம் வேர்த்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

இந்த ஊர் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த மெஷினின் மூடியைத் திறந்ததும் சித்திரை வெயிலும் மொட்டைமாடியும் வந்துவிடும். விரித்த வேட்டியில் கூழ்வற்றல், காக்காய்க்குப் பயந்து நட்டு வைத்த கறுப்புக் குடை, கை நிறைய அரைகுறையாகக் காய்ந்த வற்றலோடு ஓடும் பிள்ளைகள். காசு கொடுக்காத வெயில் அது. இங்கே ஒரு வாரச் சாப்பாட்டுக்கு இரண்டு மூன்று இரவு சமையலறையில் விசிறி ஓடுகிறது.

பாதையில் உலர்ந்த சாதம் 120 கிராமுக்கு 350 மில்லி கொதிநீர் விட்டு, அடுப்பை அணைத்து, ஃபாயில் உறைக்குள் இருபது நிமிடம் வைத்தால் போதும். மெல்லிய டைட்டானியம் பாத்திரத்தில் தாளிக்க வேண்டாம். சூடு ஓரிடத்திலேயே நிற்பதால் கடுகு வெடிப்பதற்குள் கருகும். வறுத்துப் பொடித்த சீரகமும் பெருங்காயமும் கலந்து ஒரு கரண்டி நெய் விட்டால் அந்த இடமே மணக்கும். அதனால்தான் சமைக்கும் இடமும் பெட்டி வைக்கும் இடமும் கூடாரத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஓடைக்கரையிலும் பள்ளத்தின் விளிம்பிலும் பெட்டியை வைக்காதீர்கள், கரடி உருட்டிவிட்டால் திரும்பக் கிடைக்காது. மிஞ்சிய பருக்கையை மண்ணில் புதைக்கவும் கூடாது, கட்டி எடுத்து வர வேண்டும்.

ஊறுகாய் பாக்கெட் உயரம் ஏற ஏற உப்பி, எண்ணெய் கசியும். உப்பு நார்த்தங்காய்க்கு அந்தத் தொல்லை இல்லை, எடையும் இல்லை. தயிரையும் மெல்லிசாகப் பரப்பி உலர்த்திப் பொடிக்கலாம். குளிர்ந்த நீரில் கரைத்தால் மோர் மாதிரி புளிப்பு வரும், நார்த்தங்காயோடு குடிக்க நன்றாகவே இருக்கும். தயிர்சாதத்துக்கு அந்தக் கெட்டி மட்டும் வரவே வராது.